ரேட்டு தாண்டவராயன்

நெல் மண்டி நமச்சிவாயம் தாண்டவராயனுக்குத் தர வேண்டிய பாக்கி நூற்று முப்பத்தேழு ரூபாய் ஐம்பது காசு. மூட்டை தூக்கிய கூலி இல்லை அது. அந்தக் கூலி சனிக்கிழமைதோறும் முனகலோடாவது வந்துவிடும். இது சடுகுடு ஆடிய கூலி. ஆட்டத்துக்குப் பன்னிரண்டரை ரூபாய் வீதம் பதினோரு ஆட்டம்.

இதற்கு எழுதி வைத்த கணக்கு கிடையாது. தாண்டவராயனுக்கு எழுத வராது, நமச்சிவாயத்துக்கு எழுத மனம் வராது. ஆனாலும் கணக்கு தப்பவில்லை. அது தாண்டவராயனின் உடம்பிலேயே இருந்தது.

"பத்து ஆட்டம்தான்டா ஆடினே" என்பார் நமச்சிவாயம், கல்லாப்பெட்டி மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு.

தாண்டவராயன் சட்டையைக் கழற்றுவான். "இந்த முட்டி கீதே, இது ஓரிக்கை ஆட்டம் மொதலாளி. ஆத்து மணல்ல இஸ்துக்கினு போனானுங்க. இந்தப் பல்லு இல்ல பாருங்க, இது மானாம்பதி. இந்தத் தோளு திருப்புலிவனம். தொடையில ஒண்ணு கீது..."

"சரி சரி, வேட்டியத் தூக்காதே. பதினொண்ணுதான். அடுத்த ஆட்டத்துல சேத்து வாங்கிக்கோ."

இப்படியே இரண்டு வருடம் ஓடிவிட்டது.

அந்தச் சுற்றுவட்டாரத்தில் சடுகுடு ஆடக் காசு கேட்ட முதல் ஆள் தாண்டவராயன்தான். அதற்கு முன்னால் வெளியூர் ஆளை இறக்கினால் மத்தியானம் சோறு, ஒரு கலர் சோடா, ஜெயித்தால் தோளில் ஒரு துண்டு, அவ்வளவுதான். திருப்புலிவனத்துக்காரர்கள் முதல்முதலாக அவனைத் தேடி உத்திரமேரூர் மண்டிக்கு வந்தபோது அவனுக்கு இருபது வயது. முதுகில் மூட்டையோடு நின்றபடியே பேசினான்.

"ஞாயித்துக்கெழம வந்துடு தாண்டவராயா. கறிசோறு."

"அன்னிக்கு எனக்கு இங்க மூணு ரூவா கூலி. அத்த யாரு தருவா?"

"இன்னாடா இது, வெளயாடறதுக்குக் கூலியா?"

"மூட்டயத் தூக்கினாலும் முதுகு வலிக்கிது, ஆளத் தூக்கினாலும் முதுகு வலிக்கிது. எது வேல, எது வெளயாட்டுன்னு முதுகுக்கு இன்னா தெரியும்?"

வந்தவர்கள் கோபித்துக்கொண்டு போனார்கள். பஸ் நிற்கிற இடம் வரைக்கும் போய், இவன் இல்லாவிட்டால் தோற்போம் என்பது ஞாபகம் வந்து, திரும்பி வந்து மூன்று ரூபாய்க்கு ஒத்துக்கொண்டார்கள். அன்று அவனுக்கு ஒட்டிக்கொண்ட பேர்தான் ரேட்டு தாண்டவராயன். கேலிக்கு வைத்த பேர். அவன் அதைப் பட்டம் மாதிரி வாங்கிக்கொண்டான்.

மூன்று ரூபாய்க்கு அவன் ஆடிய ஆட்டம் அதுவரை யாரும் பார்க்காதது. எதிரணி ஆள் "கபடி கபடி" என்று பாடிக்கொண்டு வருவான். தாண்டவராயன் ஓடமாட்டான், துள்ளமாட்டான். நெல் இறக்க வண்டி வரும்வரை காத்திருப்பதுபோல் நிற்பான். பக்கத்தில் வந்ததும் குனிந்து, மூட்டையை அள்ளுவதுபோல் ஆளை அள்ளித் தோளில் போட்டுக்கொள்வான். அப்புறம் கோட்டை எட்டித் தொடப் பிடிபட்டவனால் எப்படி முடியும்? கால் வானத்தில், தலை முதுகுப்பக்கம். தொங்கியபடியே கபடி கபடி என்று பாடுவான். தாண்டவராயன் நின்ற இடத்திலேயே நின்று, "முடிஞ்சிதா நைனா? இன்னும் கீதா மூச்சு?" என்று விசாரிப்பான். மூச்சு விட்டதும் நோகாமல் இறக்கி வைப்பான். மூட்டை கிழிந்தால் கூலியில் பிடிப்பார்களே, அந்தப் பழக்கம்.

வெளியூர் ஆள் ஆடக் கூடாது என்று சட்டம் போட்ட ஊர்களிலும் ஆடினான். அங்கெல்லாம் உள்ளூர் ஆள் பேரில் இறங்குவான். களியாம்பூண்டியில் மணவாளன் என்ற பேரில் இறங்கினான். மைக்கில் "மணவாளன்! மணவாளன்!" என்று ஊரே அதிர்ந்தது. ஆட்டம் பார்க்க வந்த ஒரு விவசாயி, இப்பேர்ப்பட்ட ஆளுக்குத்தான் பெண் கொடுப்பேன் என்று மறுநாளே தாம்பூலத்தோடு போய்விட்டார். நிஜ மணவாளன் தையல்காரன். ஊதினால் பறப்பான். பெண் வீட்டார் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சொரமா?" என்று கேட்டார்களாம். சுரம்தான் என்று சொல்லிச் சமாளித்து, கல்யாணமே முடிந்துவிட்டது. அந்த மணவாளன் தாண்டவராயனை எங்கே பார்த்தாலும் டீ வாங்கித் தருவான். சட்டை தைத்தால் கூலி வாங்கமாட்டான்.

நான்கு ரூபாய், ஆறு ரூபாய், எட்டு ரூபாய் என்று ரேட்டு ஏறியது. கடைசியில் நமச்சிவாயமே மண்டி பேரில் ஒரு குழு சேர்த்து, ஆட்டத்துக்குப் பன்னிரண்டரை என்று பேசி அவனை நிரந்தரமாக்கினார். நிரந்தரமான பிறகு காசு வருவது நின்றது.

எழுபத்தொன்பதாம் வருடத்துப் பொங்கல் வந்தபோது தாண்டவராயனுக்கு முப்பத்துநாலு வயது. முட்டி இரண்டும் உட்காரும்போது ஒரு சத்தம், எழும்போது ஒரு சத்தம் போட்டன. அதைவிடப் பெரிய கவலை தோள். வெளியே அவன் தோளுக்கு ஒரு மரியாதை இருந்தது. ஆடோ, பலாப்பழமோ, சிமெண்ட் மூட்டையோ, தோளில் வைத்து எடை சொன்னால் அரைக்கிலோ தப்பாது. டீக்கடையில் பந்தயம் கட்டுவார்கள். ஆனால் மண்டியில் நெல் மூட்டையைத் தூக்கும்போது மட்டும் அந்தத் தோள் தடுமாறியது. எண்பத்தொன்று என்று தோன்றும். கணக்குப்பிள்ளை பெருமாள் மிஷினைப் பார்த்து எழுபத்தைந்து என்று எழுதுவார்.

"இன்னாடா தாண்டவராயா, எம்பத்தொண்ணா? வயசாவுது ஒனக்கு" என்று சிரிப்பார்.

வயசுதான் என்று தாண்டவராயனும் நம்பினான். பன்னிரண்டு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டிருக்கிறோம் என்று நினைத்தான். வீட்டுக்கு வந்து சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு உட்காருவான்.

அந்த மிஷினில் நின்று தன் எடையையாவது பார்க்கலாம் என்றால் அதற்கு வழியில்லை. நெல் ஏறுகிற இடத்தில் மனிதன் கால் படக் கூடாது, லட்சுமி இறங்கிப் போய்விடுவாள் என்பது நமச்சிவாயத்தின் கண்டிப்பு. வெள்ளிக்கிழமைதோறும் மிஷினுக்கு மஞ்சள் குங்குமம், கதம்பச் சரம், கற்பூரம். நெல் கொண்டு வரும் விவசாயிகளும் கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் மூட்டையை ஏற்றுவார்கள்.

மூட்டை தூக்குவதை விட்டுவிட வேண்டும் என்று தாண்டவராயன் முடிவு செய்து ஒரு மாதம் ஆகியிருந்தது. சைக்கிள் கடை ஞானதாஸிடம் ஒரு பழைய சைக்கிள் இருந்தது. அகலமான கேரியர், பால்காரர் ஓட்டிய வண்டி. விலை நூற்று நாற்பது. பாலாற்றங்கரைத் தோட்டங்களிலிருந்து வாழையிலை கட்டு வாங்கிவந்து ஓட்டல்களுக்குப் போட்டால் பிழைத்துக்கொள்ளலாம். சுமையைச் சக்கரம் சுமக்கும், முதுகு சும்மா வரும். பாக்கி நூற்று முப்பத்தேழரை வந்தால், கையில் இருக்கும் மூன்று ரூபாயோடு சேர்த்து வண்டி அவனுடையது.

"காணும் பொங்கல் வரைக்கும் வெச்சிருப்பேன்" என்றான் ஞானதாஸ். "மறுநாளு செங்கல்பட்டு பார்ட்டி வரான். அப்பறம் எம்மேல வருத்தப்படாதே."

காணும் பொங்கலன்று ஏரிக்கரை அடியில் சடுகுடுப் போட்டி. ஆனால் அந்த வருட நோட்டீஸில் புதிதாக ஒரு வரி இருந்தது. அறுபது கிலோவுக்கு உட்பட்டவர்கள் மட்டுமே ஆடலாம். விழாக் குழுவில் பேசி அந்த வரியைப் போடவைத்தவர் சாலவாக்கம் வீராசாமி. பத்து ஏக்கர் நஞ்சைக்காரர், சாலவாக்கம் குழுவுக்குச் செலவு செய்கிறவர். மூன்று வருடமாகத் தன் பையன்கள் தாண்டவராயன் தோளில் தலைகீழாகத் தொங்குவதைப் பார்த்து அலுத்துப்போயிருந்தார்.

தாண்டவராயன் நேராக மண்டிக்குப் போனான்.

"மொதலாளி, நான் ஆட முடியாது. முட்டி வலிக்குக் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போனப்ப எட பாத்தாங்க. அறுவத்தி நாலரை. பாக்கியக் குடுத்துட்டீங்கன்னா நானு..."

"நாலரையா?" நமச்சிவாயம் விரல்களை மடக்கி என்னவோ கணக்குப் போட்டார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "நாலரைதானேடா. நீ கொஞ்சம் கொறச்சிக்கோ, மீதிய ஆண்டவன் பாத்துப்பான். இந்தக் கப்பு மட்டும் மண்டிக்கு வரட்டும், பழைய பாக்கி அத்தனையும் அங்கியே எண்ணி வெக்கிறேன். ஆடலன்னா..." என்று கல்லாப்பெட்டியை மூடினார்.

அன்றிலிருந்து தாண்டவராயன் சோற்றைத் தொடவில்லை. நாளோ பொங்கல். போகி அன்று போளி வாசனை. பொங்கலன்று தெரு முழுக்க வெல்லமும் நெய்யும். மாட்டுப்பொங்கலன்று மாட்டுக்குக்கூடப் பொங்கல் கொடுத்தார்கள். இவன் ஒரு டம்ளர் ரசத்தை வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். காலையில் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஏரிக்கரையில் ஓடினான். ஓடிவிட்டு வந்தால் இன்னும் பசித்தது.

அவன் மனைவி சுலோச்சனா நாற்று நடுகிற வேலைக்குப் போகிறவள். அவள் வாய்க்கு ஊரில் தனி மதிப்பு உண்டு.

"ஏன்யா, ஊரு ஒலகத்துல துன்னறதுக்காகத்தான் வேல செய்வாங்க. நீ வேல செய்யறதுக்காகத் துன்னாம கீறியே?"

"சைக்கிளு வோணாமா?"

"வோணும். ஆனா அத்த ஓட்டறதுக்கு ஒரு ஆளு உசுரோட இருக்க வோணுமே!"

அவன் ரசத்தைக் குடித்தான். அவள் அவனுக்கு வைத்திருந்த பொங்கலைத் தானே சாப்பிட்டாள். "இன்னா ருசி" என்று ஒரு வார்த்தை சொல்லவும் தவறவில்லை.

காணும் பொங்கலன்று ஏரிக்கரையில் சுத்துப்பட்டு ஊர் சனமெல்லாம் கூடிவிட்டது. எடை பார்க்க மிஷின்தான் இல்லை. கூட்டுறவு சொசைட்டியில் ஒன்று இருந்தது. பொங்கல் லீவுக்குப் பூட்டிவிட்டார்கள். விழாக் குழு கையைப் பிசைந்து நின்றபோது நமச்சிவாயத்தின் மாட்டு வண்டி வந்தது. வண்டியில் மண்டி மிஷின், சரம் போட்டபடியே.

மைக்கில் அறிவித்தார்கள். "நமது நெல் மண்டி உரிமையாளர், கொடை வள்ளல், தமது எடை மிஷினைத் தந்து உதவியிருக்கிறார்!"

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. கால் படக் கூடாத மிஷின் ஆயிற்றே? நமச்சிவாயம் கையைக் கூப்பி, "ஊருக்குன்னு வந்தா லட்சுமியும் பொறுத்துப்பா" என்றார்.

சாலவாக்கம் பையன்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். ஐம்பத்திரண்டு, ஐம்பது, நாற்பத்தொன்பது. "இன்னாடா, பொங்கல் துன்னுட்டு எளச்சிட்டீங்க?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். சிரிப்பு. பையன்கள் தங்கள் வயிற்றைத் தாங்களே தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

தாண்டவராயன் முறை வந்தது. செருப்பைக் கழற்றினான், சட்டையைக் கழற்றினான், கழுத்திலிருந்த தாயத்தையும் கழற்றிச் சுலோச்சனாவிடம் கொடுத்தான். பெரிய மூச்சாக வெளியே விட்டுவிட்டு ஏறினான்.

காஞ்சிபுரத்திலிருந்து வந்திருந்த நடுவர் மிஷின் தண்டில் எடைக்குண்டை நகர்த்தினார். "ஐம்பத்தொன்பதரை!"

தாண்டவராயன் முதலில் சந்தோஷப்பட்டான். நான்கு நாள் ரசம் வேலை செய்துவிட்டது. அப்புறம் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தான். அது அப்படியே இருந்தது. நேற்று இறுக்கிய அரைஞாண் கயிறும் அதே முடிச்சில்தான் இருந்தது. ஐந்து கிலோ எங்கே போயிருக்கும்? மிஷினைப் பார்த்தான், நமச்சிவாயத்தைப் பார்த்தான். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுபத்தைந்து, எண்பத்தொன்று என்று அவனுக்குள் இரண்டு எண்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. வயசு இல்லை. தோள் தேயவில்லை. பன்னிரண்டு வருடமாக அந்தத் தோள் சொன்னதெல்லாம் சரி. மூட்டைக்கு ஆறு கிலோ வீதம் தூக்கியது யார் கணக்கிலும் இல்லை, விவசாயிக்கும் வரவில்லை, தனக்கும் வரவில்லை.

வாயை மூடிக்கொண்டு இறங்கினால் ஆட்டம், கப்பு, பாக்கி, சைக்கிள். அவன் வாயை மூடிக்கொண்டுதான் இறங்கினான். ஞானதாஸ் கூட்டத்தில் நின்று அவனைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

ஆனால் வீராசாமி விடவில்லை. "இன்னாது, அம்பத்தொம்போதரையா? எரும மாடு மாதிரி கீறான். மறுபடி ஏத்துங்க!"

மறுபடி ஏற்றினார்கள். ஐம்பத்தொன்பதரை.

"மிஷினு பொய் சொல்லுது" என்றார் வீராசாமி.

"நாக்கு அழுகிப் பூடும்" என்றார் நமச்சிவாயம். "லட்சுமியப் பாத்து இன்னா வார்த்த சொல்றே? பன்னண்டு வருசமா ஒன் நெல்லு இதுலதானே எட போட்டுது? அப்பல்லாம் சரியா இருந்துச்சி, இன்னிக்குப் பொய்யா?"

இதுதான் நமச்சிவாயம் செய்த தப்பு. கோபத்தில் சொன்ன அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். வீராசாமி தன் பன்னிரண்டு வருடத்து நெல்லை மனசுக்குள் கணக்குப் போட்டார். அவருக்குப் பின்னால் நின்ற விவசாயிகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சடுகுடுவை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

வீராசாமி திரும்பித் தன் மாட்டு வண்டிக்குப் போனார். பொங்கலுக்கு முந்தி வாங்கிப்போட்ட யூரியா மூட்டை ஒன்று இறக்காமல் கிடந்தது. தையல் பிரிக்காத மூட்டை. மேலே ஐம்பது கிலோ என்று அச்சடித்திருந்தது. இரண்டு பேர் தூக்கிவந்து மிஷினில் வைத்தார்கள்.

நடுவர் குண்டை நகர்த்தினார். கொஞ்சம் பின்னால் இழுத்தார். இன்னும் கொஞ்சம் இழுத்தார். "நாற்பத்தாறேகால்" என்றார், அவருக்கே கேட்காத குரலில்.

பின்னால் நின்ற விவசாயிகள் குண்டைப் பார்க்க முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்தார்கள்.

"கம்பெனிக்காரனுங்க மூட்டைக்கு நாலு கிலோ அடிக்கிறானுங்க" என்றார் நமச்சிவாயம் அவசரமாக. "இது ஊருக்கே தெரியும். மூட்டதான் கொறச்சல். மிஷினு சரி."

"மூட்டயா, மிஷினா? யாரு சொல்றது?" என்று கேட்டார் நடுவர்.

"தாண்டவராயன் தோளு சொல்லும்!" கூட்டத்திலிருந்து யாரோ கத்தினார்கள். உடனே நாலா பக்கமும் அதே சத்தம். "தோள்ல வெச்சி சொல்லட்டும்! அரக்கிலோ தப்பாது!"

வீராசாமி யோசித்தார். அவன் மண்டி ஆள், எதிராளி. ஆனால் தோளைப் பற்றி அவருக்கும் தெரியும். அவர் பையன்களை எத்தனை தடவை சுமந்த தோள் அது. "சரி, சொல்லட்டும்" என்றார்.

நமச்சிவாயத்தின் முகத்தில் உயிர் வந்தது. தாண்டவராயன் பக்கத்தில் வந்து, துண்டை வாயில் வைத்துக்கொண்டு, "டேய், நாப்பத்தாறுன்னு சொல்லிடு. ஆட்டமும் ஒன்து, காசும் ஒன்து" என்றார்.

தாண்டவராயன் சட்டையைப் போட்டுக்கொண்டான். பட்டனை ஒவ்வொன்றாகப் போட்டான். எல்லோரும் அவனையே பார்த்தார்கள். கடைசிப் பட்டனைப் போட்டுவிட்டு, துண்டு எதுவும் வைத்துக்கொள்ளாமல் ஊருக்கே கேட்கிற குரலில் சொன்னான்.

"எட பாத்து சொல்றதும் ஒரு வேலதான் மொதலாளி. பழைய வேலக்கிப் பாக்கி கீது. பதினோரு ஆட்டம், நூத்தி முப்பத்தேழு ரூவா அம்பது காசு. அத்தக் குடுத்தாத்தான் மூட்டமேல கை வெப்பேன்."

கூட்டம் ஆர்ப்பரித்தது. "ரேட்டு தாண்டவராயன்! டேய், இங்கியும் ரேட்டா!"

"இங்கியே எப்பிடிடா..." என்றார் நமச்சிவாயம்.

"அங்கியே எண்ணி வெக்கிறேன்னு நீங்கதானே சொன்னீங்க? இதான் அந்த அங்க."

நமச்சிவாயம் கூட்டத்தைப் பார்த்தார். அந்த மிஷினில் நெல் போட்ட முகங்கள் அத்தனையும் அங்கே இருந்தன. இடுப்புப் பெல்ட்டை அவிழ்த்து, எச்சில் தொட்டு, பத்து ரூபாய்த் தாள்களும் ஒற்றை ரூபாய்த் தாள்களுமாக எண்ணினார். தாண்டவராயன் கை நீட்டுவதற்குள் சுலோச்சனா பெண்கள் பக்கத்திலிருந்து வந்து வாங்கிக்கொண்டாள். நின்று எண்ணினாள். முந்தானையில் முடிந்தாள்.

"நூத்தி முப்பத்தேழு கீது. அம்பது காசு கொறையுது."

"சில்லற இல்லம்மா. அப்பறம் தரேன்" என்றார் நமச்சிவாயம் பல்லைக் கடித்துக்கொண்டு. "தூக்குடா!"

தாண்டவராயன் குனிந்தான். முட்டி சத்தம் போட்டது. மூட்டையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு, நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றினான். கண்ணை மூடிக்கொண்டான். தோள் சொன்னது அவனுக்குத் தெளிவாகக் கேட்டது. பன்னிரண்டு வருடத்துக்கு அப்புறம் முதல் தடவையாக அதை நம்பினான்.

மூட்டையை நோகாமல் இறக்கி வைத்தான்.

"அம்பது. சரியா அம்பது கிலோ. மூட்ட சரி."

"டேய்!" என்று கத்தினார் நமச்சிவாயம். "காசு வாங்கினியேடா!"

"பாக்கிதானே வாங்கனேன்? பொய் சொல்றதுக்கு நம்ம ரேட்டே பேசலியே மொதலாளி?"

அதற்கப்புறம் அங்கே சடுகுடு நடக்கவில்லை. யாரும் நமச்சிவாயத்தை அடிக்கவில்லை. அதற்கு அவசியமில்லாமல் போயிற்று. நான்கு பேர் சேர்ந்து அவரை மரியாதையாகத் தூக்கி, செருப்போடு மிஷினில் ஏற்றி நிறுத்தினார்கள். எழுபத்தொன்று காட்டியது. "மொதலாளி எளச்சிட்டாரு, சோறு போடுங்கடா!" என்று ஒருவர் சொல்ல, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அப்புறம் வரிசையில் நின்று ஆணும் பெண்ணும் ஒவ்வொருவராக அந்த மிஷினில் ஏறி இறங்கினார்கள். பன்னிரண்டு வருடமாகக் கால் படாத மிஷின். சுலோச்சனாவும் ஏறினாள். நாற்பத்துநாலு என்றதும், "நாலு நாளா இவன் பங்கயும் சேத்துத் துன்னேன், அதுக்கே இவ்ளோதானா?" என்று நடுவரிடம் சண்டைக்குப் போனாள்.

சாயங்காலம் விழாக் குழுவும் விவசாயிகளும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். இனிமேல் மண்டியில் யார் நெல் கொண்டு வந்தாலும் முதலில் மிஷினில் ஒரு சீல் பிரிக்காத யூரியா மூட்டையை வைத்துக் காட்ட வேண்டும். நமச்சிவாயம் தலையை ஆட்டினார். வீராசாமி தன் யூரியா மூட்டையையே மண்டி வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். கப்பு யாருக்கும் போகாமல் விழாக் குழுத் தலைவர் வீட்டில் தங்கிவிட்டது. அதில் அவர் வீட்டுக்காரம்மாள் உப்பு போட்டு வைத்திருக்கிறாள் என்று கேள்வி.

தாண்டவராயனைப் பொறுத்தவரை அவனுடைய கடைசி ஆட்டம் ஒரு யூரியா மூட்டையோடு முடிந்தது. அறுபத்துநாலரை கிலோ ஆளை அதற்கப்புறம் எந்தப் போட்டியிலும் சேர்க்கவில்லை. ஏரிக்கரையிலிருந்து அவன் நேராக ஞானதாஸ் கடைக்குப் போனான். நூற்று முப்பத்தேழும் மூன்றும் நூற்று நாற்பது. அந்த ஐம்பது காசு இருந்திருந்தால் இரண்டு பேரும் டீ குடித்திருக்கலாம். ஞானதாஸ் தன் காசில் வாங்கிக் கொடுத்தான். டீயோடு நான்கு பன்னும் தின்ற பிறகுதான் தாண்டவராயனுக்குக் கண் தெரிந்தது.

அவனுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது என்பது அப்போதுதான் இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது. அன்று தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போனான். கற்றுக்கொள்ள எட்டு நாள் ஆனது. அதில் கிடைத்த காயங்கள் எந்த ஆட்டக் கணக்கிலும் சேராது.

மாசி மாதம் ஒருநாள் காலை, கேரியரில் ஏழு கட்டு வாழையிலையோடு அவன் மண்டி வாசல் வழியாக வந்துகொண்டிருந்தான். வாசலில் யூரியா மூட்டை இருந்தது. அதன் பக்கத்தில் நமச்சிவாயம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே நெல் எடை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"டேய், நில்லுடா!"

தாண்டவராயன் காலை ஊன்றி நின்றான். பிரேக் பிடிக்க இன்னும் சரியாக வரவில்லை.

நமச்சிவாயம் எழுந்து வந்தார். இடுப்பிலிருந்து ஒரு ஐம்பது காசை எடுத்து, நான்கு பேர் பார்க்கும்படி நீட்டினார். "இந்தா. ஊரு பூரா நான் ஒனக்குப் பாக்கி வெச்சிக்கினு கீறேன்னு ஒம் பொண்டாட்டி சொல்லிக்கினு திரியறாளாம். வாங்கிக்கோ. கணக்கு முடிஞ்சிது."

தாண்டவராயன் அந்தக் காசைப் பார்த்தான். நமச்சிவாயத்தின் கையையும் பார்த்தான். தோல் சுருங்கியிருந்தது. அந்த ஆளுக்கும் வயசாகிறது.

"வெச்சிக்கோங்க மொதலாளி" என்றான். "எடையில கொறஞ்சிட்டுதுன்னு நெனச்சிக்கிறேன்."

உள்ளே நெல் போட வந்திருந்தவர்கள் சிரித்தது தெருமுனை வரைக்கும் கேட்டது. அவன் ஏறி மிதித்தான். முட்டி சத்தம் போட்டது. இலைக்கட்டு வழுக்காமல் வந்தது.